இடது பக்கம் வைத்த கார்டு

இது இனிப்பு டப்பா இல்லை தம்பி. மேலே மைசூர்பாகு என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கும். உள்ளே ஒரு நோட்டும் ஒரு கார்டும் இருக்கின்றன. மேலே கம்பியில் வைத்தால் ஆடும், அதனால்தான் மடியில் வைத்திருக்கிறேன். நீங்கள் தாராளமாக உட்காருங்கள்.

நான் பொதுவாகப் பேசுகிறவன் இல்லை. கடை முதலாளி சலீம் பாய் சொல்வார்: “சோலைமலை அண்ணன்கிட்ட பத்துக் கேள்வி கேட்டா ஒரு தலையாட்டல் கிடைக்கும்.” உண்மைதான். நீங்களாகக் கேட்டீர்கள். சாத்தூரில் இறங்குவதாகவும் சொன்னீர்கள். நானும் சாத்தூர்தான். டிக்கெட் சாத்தூருக்குத்தான் எடுத்திருக்கிறேன், பாருங்கள்.

கார்டு என்றால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருப்பது. இதுதான் திரைக்குப் படத்தை அனுப்புகிறது. கிராபிக்ஸ் கார்டு என்பார்கள். இது இல்லையென்றால் மெஷின் பாட்டுக்கு ஓடும், திரை மட்டும் இருட்டாக இருக்கும். மதுரையில் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற கடையில் நான் முப்பத்தொரு வருஷமாக இருக்கிறேன். படித்தது எட்டாம் வகுப்பு. இங்கிலீஷில் எழுத்தும் எண்ணும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் நம்பர் எழுதாமல் ஒரு கார்டுகூட என் மேசையைத் தாண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு நோட்டு. முப்பத்தொரு நோட்டு. எதையும் நான் மாற்றிக் கொடுத்ததாக யாரும் வந்து நின்றதில்லை.

யாரும் வந்து நின்றதில்லை என்றுதான் சொல்கிறேன்.

சாத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருதயராஜ் என்று ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், கம்ப்யூட்டர் ரிப்பேரும் பார்ப்பார். நீங்கள் பார்த்திருக்கலாம், நீலப் பலகை. அவரை இப்போது ஊரில் திருடன் என்கிறார்கள். அவர் திருடவில்லை என்பது இந்த நோட்டில் இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை. அதைச் சொல்லத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். நூற்றுப் பதினெட்டு நாளாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒருவர் வந்தார். கோமதிநாயகம் என்று பெயர். சொந்த ஊர் சாத்தூர், வேலை பெங்களூரில். தொண்ணூற்றெட்டில், தீபாவளிக்கு முந்தின வாரம், அவருடைய அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு அது பரணுக்குப் போய்விட்டது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். வீட்டைக் காலி செய்யும்போது இவர் அதை இறக்கியிருக்கிறார். அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஓட வைக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். இதற்கென்றே இப்போது ஆட்கள் இருக்கிறார்கள் தம்பி. அந்த வருஷத்து மெஷின் என்றால் அந்த வருஷத்துப் பாகம்தான் போடுவார்கள். ஒரு ஸ்குரூகூடப் பிந்தியதாக இருக்கக்கூடாது. எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

“எல்லாம் ஓடுது ஐயா, கார்டு மட்டும் செத்துப்போச்சு. தொண்ணூத்தெட்டுக்குப் பொருத்தமா ஒண்ணு வேணும்” என்றார்.

“செத்த கார்டு இருக்கா? வாங்கின பில்லு?” என்றேன்.

இரண்டையும் பையில் வைத்திருந்தார். அங்கேயே அவர் மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

கார்டில் இருக்கிற பெரிய சிப்பின் மேல் நாலு எண் அடித்திருப்பார்கள். முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு அந்த வருஷத்தில் எத்தனையாவது வாரம் என்பது. லென்சு வைத்துப் பார்த்தேன். 9914.

“தம்பி, இது உங்க மெஷினோட கார்டு இல்லை” என்றேன்.

“நானே கழட்டினேன் ஐயா. அந்தப் பெட்டியிலிருந்துதான்.”

“மெஷின் வாங்கினது தொண்ணூத்தெட்டு அக்டோபர். இந்தச் சிப்பு பிறந்ததே தொண்ணூத்தொன்பது ஏப்ரல். பில்லுல மெமரி எட்டு எம்.பி.ன்னு போட்டிருக்கு. இது நாலு.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “ஐயா, நீங்க மனுஷனா, ஸ்கேனரா?” என்று சிரித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கக்கூடாது. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு அவர் முகம் மாறிவிட்டது. “ஒரே ஒரு தடவைதான் சர்வீசுக்குப் போச்சு. உள்ளே பல்லி விழுந்து புகை வந்துருச்சு. திரும்பி வந்ததிலிருந்து கார் ரேஸ் விளையாட்டு கட்டம் கட்டமாத்தான் தெரியும். ‘விளையாடியே கெடுத்துட்டே’ன்னு அப்பா ரெண்டு மாசம் எங்கிட்டப் பேசலை ஐயா. நானும் நான்தான் கெடுத்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷம்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். எப்போதும் சும்மா இருக்கிறவன்தானே. அன்றைக்கு மூன்று வார்த்தை சொன்னேன்.

“பெட்டியைத் திறந்தவரைத்தான் கேக்கணும்.”

அவ்வளவுதான் சொன்னேன். திருடினார் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்வேன், அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

அவர் அங்கேயே போனை எடுத்துவிட்டார். யாரிடமோ நம்பர் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, என் மேசை மேலேயே வைத்தார். அந்தப் பக்கம் இருதயராஜ்.

“பல்லி விழுந்த பெட்டியா? நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. அப்பா சொகமா இருக்காங்களா?”

“அப்பா இல்லை. என் கார்டை யார் எடுத்தது? எட்டுக்குப் பதிலா நாலு இருக்கு.”

“நான் எடுக்கலை தம்பி. அப்பல்லாம் எங்கிட்டச் சாமான் கிடையாது. மதுரையில ஒரு எடத்துல குடுத்துத்தான் பார்த்தேன்.”

“எந்த எடம்? பேரைச் சொல்லுங்க.”

“அங்க போயிருக்காது தம்பி. அங்க இருக்கற அண்ணன் ஒரு ஸ்குரூவைக்கூட மாத்திப் போடமாட்டாரு. அவரை இதுல இழுக்க வேணாம்.”

“அப்ப நீங்கதான்.”

“நான் எடுக்கலைன்னு சொல்றேன். அதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.”

போன் எனக்கு ஒரு அடி தூரத்தில் இருந்தது தம்பி. சாத்தூரிலிருந்து எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தவர் ஒரே ஒரு ஆள்தான். பெட்டிகளைச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் கொண்டுவருவார். “அண்ணே, பேஷண்டைக் கூட்டியாந்திருக்கேன், அட்மிட் பண்ணுங்க” என்பார். வரும்போதெல்லாம் எனக்கு வெள்ளரிக்காய் கொண்டுவருவார். ஒரு தடவைக்கு ஐந்து. முதல் வார்த்தையிலேயே குரல் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் பேசவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள்? என் மேசையில் தப்பு நடக்காது என்று எனக்கு நிச்சயம். அப்படியானால் திரும்பிப் போன பிறகு அவர்தான் மாற்றியிருக்க வேண்டும். கணக்கு அப்படித்தானே வரும்? அதோடு அவர் கொஞ்சம் தாறுமாறான ஆள். ஸ்குரூவையெல்லாம் ஒரே காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். எந்த ஸ்குரூ எந்தப் பெட்டிக்கு என்று எழுத மாட்டார். எழுதாத ஆள் எடுக்கவும் செய்வார் என்று எனக்குள் ஓடியது. அவர் எனக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். நான் துணியால் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இது திருமங்கலமா? இல்லை, திருமங்கலம் போய்விட்டது. விருதுநகர் வரப்போகிறது. நேரம் இருக்கிறது.

பிறகு கார்டு தேர்ந்தெடுத்தோம். பழைய தட்டிலிருந்து மூன்றை எடுத்துப் பச்சைத் துணியில் வைத்தேன். ஒன்று பெரியது, மேலே காற்றாடி வைத்தது. அவர் கண் அதிலேயே போனது. “இதுக்கு வெளிநாட்டுல அடிச்சுக்கிறாங்க ஐயா, இதையே போடுவோம்” என்றார். நான் தலையை ஆட்டினேன். அது மதுரைக்கு வந்ததே இரண்டாயிரத்தில். தொண்ணூற்றெட்டு தீபாவளிக்குச் சாத்தூரில் ஒரு வீட்டில் அது இருந்திருக்க வழியில்லை. இரண்டாவது தொண்ணூற்றாறு. இரண்டு எம்.பி. அவர் அப்பா பில்லில் இருக்கிற அந்த விலை கொடுத்து அதை வாங்கியிருக்க மாட்டார். மூன்றாவதை எடுத்தேன். எட்டு எம்.பி. சிப்பில் 9822. தொண்ணூற்றெட்டு, மே மாதக் கடைசி வாரம். அங்கிருந்து கார்டாகி, கப்பலேறி, மதுரைக்கு வர மூன்று மாதம். அக்டோபர் பில்லுக்குக் கச்சிதம்.

“இது அழகா இல்லையே ஐயா.”

“அழகு வேற, பொருத்தம் வேற” என்றேன்.

அழி ரப்பரால் அதைச் செருகுகிற பக்கத்துப் பொன்னிறப் பல்லைத் தேய்த்து, கடையிலிருந்த பழைய மெஷினில் போட்டுக் காட்டினேன். படம் வந்தது. அவர் அதை வீடியோ எடுத்தார். என் கையும் வந்தது. கடைசியில் கார்டின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து நம்பர் எழுதினேன். நாற்பதாயிரத்து அறுநூற்றுப் பதினேழு. செத்த கார்டை என்னிடமே விட்டுவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “உங்களை மாதிரி ஒரு ஆள் அன்னைக்கு இருந்திருந்தா இது நடந்திருக்காது” என்று சொல்லிப் போனார்.

அந்த நம்பர் மண்டையைவிட்டுப் போகவில்லை. 40617. எனக்கு முகம் மறந்துவிடும், நம்பர் மறக்காது. எங்கேயோ எழுதியிருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை சலீம் பாய் தன் போனைக் காட்டினார். சாத்தூர்க்காரர்கள் எல்லாரும் இருக்கிற ஒரு வாட்ஸாப் கூட்டத்தில் கோமதிநாயகம் எழுதியிருந்தார். இருதயராஜ் படத்தோடு. ‘இவரிடம் உங்கள் பொருளைக் கொடுக்கும் முன் நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.’ அடியில் எழுபத்துமூன்று பேர் பதில் போட்டிருந்தார்கள். ஒருத்தர் தன் டிவி ரிமோட் போனதைக்கூட இவர் தலையில் கட்டியிருந்தார். அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறைச் சாவி பத்தொன்பது வருஷமாக இருதயராஜிடம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகூடப் போய்த் தூசி தட்டுவாராம். திங்கட்கிழமை கூப்பிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே அதையும் எழுதியிருந்தார்கள். நல்ல வேலை என்று பதினொரு பேர் கைதட்டியிருந்தார்கள்.

அந்தச் சாவி போவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நான் பழைய நோட்டுகள் வைத்திருக்கிற டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டேன் தம்பி. அதைத்தான் சொல்ல வருகிறேன். சாவி போவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்பது நோட்டு. இதோ இதுதான். பக்கம் அறுபத்தொன்று. நவம்பர் பதினேழு, சாத்தூர் ராஜ், பெட்டி இரண்டு. ஒன்று வீடு, பல்லி. இன்னொன்று ரைஸ்மில் ஆபீஸ், எலி. வீட்டுப் பெட்டியிலிருந்து கழற்றியது 40617. வீட்டுப் பெட்டிக்குள் மாட்டியது 22958, இந்த டப்பாவில் இருக்கிற செத்த கார்டு. மில் பெட்டியில் கழற்றியது 22958, மாட்டியது 40617. என் கையெழுத்து. நாலு வரி, ஒன்றின் கீழ் ஒன்று.

எப்படி நடந்தது என்று முதலில் விளங்கவில்லை. டீ கொண்டுவந்தவர் இடித்திருப்பார், கரண்ட் போயிருக்கும் என்றெல்லாம் யோசித்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. இரண்டு கார்டையும் பிரஷ்ஷால் கழுவி, காய ஒரே செய்தித்தாளில் வைத்தேன். வீடு இடது பக்கம், மில் வலது பக்கம். வெயில் நகர்ந்தது. கார்டைத் தொடாமல் தாளோடு அரைச் சுற்றுத் திருப்பி வைத்தேன். இடது வலதாகிவிட்டது. அப்புறம் இடது பக்கம் இருந்ததை வீட்டுப் பெட்டியில் மாட்டி, நம்பரைப் பார்த்து ஒழுங்காக எழுதினேன். மேல் வரியைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷமும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. எழுதுவேன், திருப்பிப் பார்க்க மாட்டேன்.

மில்காரர்கள் இரண்டாயிரத்தெட்டில் தங்கள் மெஷினை எங்கள் கடைக்கே பழையதாகப் போட்டார்கள். அதிலிருந்து 40617-ஐக் கழற்றி, அதையும் எழுதித் தட்டில் வைத்தேன். பதினாறு வருஷம் என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைத்தான் பொருத்தம் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் மெஷினின் சொந்தக் கார்டே அதற்குள் திரும்பிப் போய்விட்டது.

அதனால் ஒருவகையில் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைத்தேன். பொருள் அதன் இடத்துக்கு வந்துவிட்டதே. கோமதிநாயகம் வாராவாரம் பேசுகிறார். “அப்பா இருந்தா பார்த்திருப்பாரு ஐயா” என்கிறார். அந்த வீடியோவைப் பதினோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். ‘ஐயா கண்ணுக்கு எதுவும் தப்பாது’ என்று கீழே போட்டிருக்கிறார். சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம் போய் எதைச் சொல்ல?

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. எனக்கே தெரியும்.

இருதயராஜுக்கு ஆறு தடவை போன் செய்தேன். இரண்டு தடவை எடுத்தார். “அண்ணே! எத்தனை வருஷமாச்சு! சாப்பிட்டீங்களா?” என்றார். சாப்பிட்டேன் என்றேன். இரண்டு தடவையும் அதைத்தான் சொன்னேன். இரண்டாவது தடவை, வைக்கிறதுக்கு முன்னால், “என்னைப் பத்தி ஏதாவது கேள்விப்பட்டீங்களாண்ணே?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

நேரிலும் போகாமல் இல்லை. ஆகஸ்டில் வந்தேன். சாத்தூரில் இறங்கினேன். எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன். கடையில் ஆள் இருந்தது. வாடிக்கையாளர் இருக்கும்போது போய்ப் பேசுவது முறையில்லை. அரைக் கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். போன மாதம் மறுபடி வந்தேன். அன்றைக்கு மழை. நோட்டு நனைந்துவிடுமே என்று இறங்கவில்லை. கோவில்பட்டி போய்த் திரும்பினேன்.

இதோ கண்டக்டர் வருகிறார். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.

“பெருசு, இன்னைக்காவது சாத்தூர்ல இறங்குவீங்களா, இல்லை எங்ககூட கோவில்பட்டிக்கா? தம்பி, நீங்க கூட வந்தவரா? போன தடவை மூணு வாட்டி கத்தினேன். கேக்காத மாதிரியே ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. வெயில் மண்டையைப் பொளக்குது, ஷட்டரைக்கூட எறக்கலை.”

அன்றைக்குத் தூறல் இருந்தது தம்பி. விருதுநகர் தாண்டி.

சரி. இல்லை. வெயில்தான்.

எனக்குப் பயம் இல்லை. இருதயராஜ் அடிக்க மாட்டார், திட்டக்கூட மாட்டார். அதுதான் தொந்தரவு. சொல்ல வேண்டியதும் சின்னது. ‘நான்தான் மாத்திப் போட்டேன்.’ எண்ணிப் பாருங்கள், மூன்று வார்த்தை. அவரைக் கெடுத்ததும் மூன்று வார்த்தைதான். அப்போது மட்டும் எப்படித் தடையில்லாமல் வந்தது?

ஆற்றுப்பாலம் வந்துவிட்டதே. எழுந்திருங்கள். இல்லை, இருங்கள். ஒரு உதவி செய்வீர்களா? இந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு நீங்கள் முன்னால் இறங்குங்கள். இந்த நோட்டை நான் இதுவரை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை, சலீம் பாயிடம்கூட. இது உங்கள் கையில் போனால் நான் பின்னால் வந்துதான் ஆக வேண்டும். திரும்பிப் பார்க்காமல் நடங்கள். பஸ் கிளம்பினாலும் நிற்காதீர்கள்.

கண்டக்டர், கொஞ்சம் இருங்கள். இறங்குகிறேன். ஆமாம், இறங்கத்தான் போகிறேன்.

வந்துவிட்டேன் தம்பி. மெதுவாகப் போங்கள். அதோ அந்த நீலப் பலகை. பெயரை அழித்துவிட்டாரா? இல்லை, வெளிறிப்போயிருக்கிறது. கடையில் யாரும் இல்லை. முன்பெல்லாம் இந்த நேரத்தில் நாலைந்து பேர் நிற்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். அறுபத்தொன்றாம் பக்கத்தில் நூல் வைத்திருக்கிறேன். எனக்குக் குரல் வராவிட்டால் நீங்களே பிரித்து அந்த நாலு வரியைக் காட்டிவிடலாம். கையெழுத்தைப் பார்த்தாலே அவருக்கு விளங்கிவிடும், நான் பேசவே வேண்டியதில்லை...

வேண்டாம். நீங்கள் காட்ட வேண்டாம். அவரிடம் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று பெங்களூருக்கும் போன் போட வேண்டும். ஸ்பீக்கரில்.

பார்த்துவிட்டார் தம்பி. கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறார். அடையாளம் தெரிந்துவிட்டது. என்னமோ கூப்பிடுகிறார், லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. சிரிக்கிறார். உள்ளே போகிறார். நாற்காலி எடுத்துவருகிறார். தோள் துண்டால் துடைக்கிறார், எனக்காக.

நோட்டைக் கொடுங்கள்.